மேற்கோள் கணக்கில் மெட்டிஸ்

ஒரு வியாபாரியின் பாஸ்புக்கை வாங்கி, கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு "இவர் பெரிய ஆள்" என்றோ "இவர் தேறமாட்டார்" என்றோ சொன்னால் காமர்ஸ் முதலாண்டு மாணவன்கூடச் சிரிப்பான். கடன் எவ்வளவு, சரக்கு எவ்வளவு, இந்தத் தொகை எப்போது எங்கிருந்து வந்தது என்று ஆயிரம் கேள்வி கேட்பான். ஆனால் விஞ்ஞானிகள் விஷயத்தில் இதே காரியத்தைப் படித்தவர்களே தினமும் செய்கிறார்கள். கூகுள் ஸ்காலரில் பெயரைத் தட்டுகிறார்கள். மொத்த மேற்கோள் இத்தனை, எச்-இன்டெக்ஸ் இத்தனை என்று இரண்டு எண்கள் வருகின்றன. தீர்ப்பு முடிந்துவிட்டது!

இந்தப் பழக்கம் சரியா தவறா என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போகலாம். அதைவிட ஒரு மனிதரை, ஒரு துறையை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. மனிதர் ஜார்ஜ் கரிபிஸ், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர். துறை கிராஃப் பார்ட்டிஷனிங். கணினித் துறைக்கு வெளியே இரண்டையும் அறிந்தவர்கள் குறைவு. ஆனால் மேற்கோள் எண்ணிக்கை எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதலில், அது என்ன பார்ட்டிஷனிங்?

அறுபது மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள். இரண்டு பஸ். ஒவ்வொன்றிலும் முப்பது பேர்தான் உட்கார வேண்டும். நண்பர்கள் முடிந்தவரை ஒரே பஸ்ஸில் இருக்க வேண்டும். பிரிந்துபோகும் நட்புகள் குறைவாக இருக்க வேண்டும். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் அறுபது பேரை முப்பது முப்பதாகப் பிரிக்க சுமார் 591 கோடி கோடி வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுப்பது நடக்காத காரியம்.

இதில் மாணவர்களைப் புள்ளிகளாகவும் நட்பைக் கோடுகளாகவும் வரைந்தால் அதுதான் கிராஃப். தமிழில் கோட்டுரு என்பார்கள். புள்ளிகளைச் சமமான கூட்டங்களாகப் பிரிக்க வேண்டும், அறுபடும் கோடுகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இதுதான் மொத்தப் பிரச்சினையும். எந்தக் கோட்டுருவைக் கொடுத்தாலும் மிகச் சிறந்த பிரிவினையை வேகமாகக் கண்டுபிடித்துத் தரும் வழி இன்றுவரை யாருக்கும் தெரியாது. இது என்பி-கம்ப்ளீட் என்ற கடினமான வகையைச் சேர்ந்தது என்று கேரி, ஜான்சன், ஸ்டாக்மேயர் மூவரும் 1976-லேயே காட்டிவிட்டார்கள்.

பஸ்ஸில் இடம் பிடிக்க இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று கேட்கலாம். பஸ்ஸுக்குத் தேவையில்லை. கார் மோதினால் உடம்பு எப்படி நசுங்கும், விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போடும்போது தேவை. அந்தப் பொருளை லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாக்கி, பல நூறு பிராசசர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு பிராசசருக்கு வேலை அதிகமானால் மற்றவை சும்மா காத்துக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வேறு வேறு பிராசசருக்குப் போனால் அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும், நேரம் வீணாகும். சமமாகவும் பிரிக்க வேண்டும், வெட்டும் குறைவாக இருக்க வேண்டும். அதே பஸ் கணக்குதான்.

கரிபிஸுக்கு முன்னால் வந்தவர்கள்

1970-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையன் கெர்னிகனும் ஷென் லின்னும் ஒரு வழி சொன்னார்கள். முதலில் எப்படியோ ஒரு மாதிரி பிரித்துக்கொள். பிறகு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இடம் மாற்றிப் பார். வெட்டு குறைந்தால் வைத்துக்கொள். சி மொழிப் புத்தகம் எழுதிய அதே கெர்னிகன்தான் இவர். மின்சுற்றின் உறுப்புகளை அட்டைகளில் பிரித்து வைக்கும் தேவையும் அவர்கள் மனதில் இருந்தது. 1982-ல் ஃபிடுச்சியா, மத்தேசிஸ் இருவரும் இதையே இன்னும் வேகமாக்கினார்கள். 1990-ல் அலெக்ஸ் போத்தன், ஹோர்ஸ்ட் சைமன், லியூ ஆகியோர் அணிக் கணிதத்தை வைத்துப் பிரிக்கும் ஸ்பெக்ட்ரல் முறையைக் கொண்டுவந்தார்கள். பிரிவினை நன்றாக வந்தது. ஆனால் பெரிய கோட்டுரு என்றால் நேரம் தின்றது.

அடுத்து வந்ததுதான் மல்டிலெவல் என்ற பலநிலை யோசனை. நெருங்கிய நண்பர்கள் இருவரை ஒருவராகக் கட்டிவிடு. அப்படிக் கட்டிக் கட்டிக் கோட்டுருவைச் சின்னதாக்கு. சின்னதைப் பிரிப்பது சுலபம். பிறகு கட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே, ஒவ்வொரு நிலையிலும் கெர்னிகன்-லின் பாணியில் கொஞ்சம் சரிசெய். இந்த யோசனை கரிபிஸுடையது இல்லை. 1993-ல் புய், ஜோன்ஸ் இருவரும், அதே காலத்தில் சாண்டியா ஆய்வகத்தின் புரூஸ் ஹெண்ட்ரிக்சனும் ராபர்ட் லீலண்டும் இதைச் செய்திருந்தார்கள். கரிபிஸின் கட்டுரையே தொடக்கத்தில் இதை ஒளிக்காமல் சொல்கிறது.

அப்படியானால் கரிபிஸ் என்ன செய்தார்?

1995-ல் மினசோட்டாவில் ஒரு தொழில்நுட்ப அறிக்கை வந்தது. எழுதியவர்கள் ஜார்ஜ் கரிபிஸ், விபின் குமார். விபின் குமார் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் 1977-ல் பொறியியல் முடித்துவிட்டுப் போனவர். இணைக் கணிப்பில் அப்போதே பெயர் பெற்றவர். முதல் பெயராக இருந்த கரிபிஸ் அப்போது பிஎச்டி மாணவர். அடுத்த ஆண்டுதான் பட்டம் வாங்கினார். அந்த அறிக்கைதான் 1998-ல் 'சயாம்' அமைப்பின் அறிவியல் கணிப்பு இதழில் முழுக் கட்டுரையாக வந்தது.

அதில் புதிதாக இருந்தவை முக்கியமாக மூன்று. ஒன்று, யாரை யாரோடு கட்டுவது என்பதில் நல்ல விதி: உறவு எங்கே கனமோ அங்கே முதலில் கட்டு. அதனால் கனமான கோடுகள் எல்லாம் மூட்டைக்குள்ளேயே ஒளிந்துகொள்கின்றன. சின்னக் கோட்டுருவைப் பிரித்தபோது கிடைக்கும் வெட்டே கடைசி வெட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. இரண்டு, அவிழ்க்கும்போது எல்லாரையும் அசைத்துப் பார்க்காமல் எல்லையில் நிற்பவர்களை மட்டும் பார்ப்பது. வேலை வெகுவாகக் குறைந்தது. மூன்று, ஒன்றிரண்டு உதாரணத்தோடு நிறுத்தாமல் பொறியியல், சிப் வடிவமைப்பு, போக்குவரத்து என்று பல துறைக் கோட்டுருக்களில் ஓட்டிக் காட்டியது. ஸ்பெக்ட்ரல் முறையைவிட நல்ல பிரிவினை, அதுவும் மிகக் குறைந்த நேரத்தில்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது கட்டுரைக்குள் அடங்காது. அதன் பெயர் மெட்டிஸ்.

கிரேக்கப் புராணத்தில் மெட்டிஸ் என்றால் அறிவின் தெய்வம். இங்கே அது ஒரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு, முதல் வரியில் புள்ளிகளின் எண்ணிக்கையும் கோடுகளின் எண்ணிக்கையும் எழுதிய ஒரு சாதாரண எழுத்துக் கோப்பைக் கொடுத்து, எத்தனை பங்கு வேண்டும் என்று சொன்னால் பிரித்துக் கொடுத்துவிடும். ஆய்வுக்கும் கல்விக்கும் ஆரம்பத்திலிருந்தே இலவசம். 1998-ல் நான்காம் பதிப்பு. 2013-ல் 5.1.0 பதிப்பு, யாரும் எதற்கும் பயன்படுத்தக்கூடிய அப்பாச்சி உரிமத்தோடு. பல பிராசசர்களில் ஓட பார்மெட்டிஸ், சிப் வடிவமைப்பாளர்களுக்காக எச்மெட்டிஸ் என்று தம்பிகளும் வந்தார்கள்.

இனி மேற்கோள் கணக்கு

அந்த 1998 கட்டுரையைப் பல ஆயிரம் கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. மெட்டிஸின் பயனர் கையேட்டைத் தனியாக மேற்கோள் காட்டியவர்கள் வேறு. 1995 அறிக்கையைக் காட்டியவர்கள் வேறு. பலநிலை முறையில் நேரடியாகப் பல பங்காகப் பிரிக்கும் இன்னொரு 1998 கட்டுரையைக் காட்டியவர்கள் வேறு. ஒரே உழைப்பின் வரவு நான்கு கணக்கில் சிதறிக் கிடக்கிறது. இதழ்க் கட்டுரைகளை மட்டும் எண்ணும் குழு ஒன்று இருந்தால், கையேட்டுக்கு வந்த மேற்கோள் முழுக்கப் பூஜ்யம். அது இதழில் வந்ததில்லையே!

அடுத்து எச்-இன்டெக்ஸ். 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. ஒருவரிடம் பத்து மேற்கோளாவது பெற்ற பத்துக் கட்டுரை இருந்தால் அவருடைய எச் பத்து. இப்போது இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். முதலாமவருக்குப் பத்துக் கட்டுரை, தலா பத்து மேற்கோள். எச் பத்து. இரண்டாமவருக்கு ஒன்பது கட்டுரைக்குத் தலா பத்து, பத்தாவது கட்டுரைக்குப் பத்தாயிரம். அவருக்கும் எச் பத்துதான்! உலகம் முழுக்க ஓடும் ஒரு மென்பொருளும், யாரோ பத்துப் பேர் மரியாதைக்குக் காட்டிய ஒரு கட்டுரையும் இந்தத் தராசில் ஒரே எடை.

இதழ்களுக்குக் கொடுக்கும் தாக்கக் காரணி இன்னும் வேடிக்கை. அது போன இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோளைத்தான் கணக்கில் எடுக்கும். மெட்டிஸின் கதை என்ன? 2019-ல் கிளஸ்டர்-ஜிசிஎன் என்ற முறை வந்தது. பெரிய கோட்டுருக்களை வைத்து நியூரல் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிப்பது அதன் வேலை. முதல் படியாக அது கோட்டுருவைத் துண்டு போடுகிறது. அதற்குப் பயன்படுத்தியது மெட்டிஸ். கட்டுரை வந்து 21 வருடம் கழித்து, எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு துறையில் அது மறுபடி வேலைக்குப் போயிருக்கிறது. இந்த மேற்கோள்களில் ஒன்றுகூடத் தாக்கக் காரணியில் ஏறாது. கணக்குப் பதிவியலில் இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவார்கள். இங்கே இரண்டே ஆண்டில் முழு இயந்திரத்தையும் எழுதித் தள்ளிவிடுகிறார்கள். இயந்திரமோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

மேற்கோளே காட்டாதவர்கள் கதை தனி. இன்டெல் நிறுவனத்தின் கணித நூலகத்தில் பார்டிசோ என்ற சமன்பாட்டுத் தீர்வான் இருக்கிறது. உள்ளே மெட்டிஸின் வரிசைப்படுத்தும் முறை ஓடுகிறது. மம்ப்ஸ் என்ற இன்னொரு தீர்வானையும் மெட்டிஸோடு இணைத்துக்கொள்ளலாம். திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோமிலும் வேலையைப் பங்கு போட மெட்டிஸைத் தேர்ந்தெடுக்கலாம். இவற்றை ஓட்டும் பொறியாளர்களில் பலருக்கு உள்ளே மெட்டிஸ் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் அவர்கள் கட்டுரை எழுதுபவர்கள் இல்லை. பாலமோ பம்போ செய்பவர்கள். மேற்கோள் கணக்கில் அவர்களுக்கு வரியே கிடையாது.

இதுவரை சொன்னது கணக்கு குறைத்துக் காட்டும் இடங்கள். கூட்டிக் காட்டும் இடங்களையும் சொல்வதுதான் நியாயம்.

கரிபிஸின் மொத்த மேற்கோளைப் பார்த்துவிட்டு "எல்லாம் கிராஃப் பார்ட்டிஷனிங்" என்று நினைத்தால் தவறு. 2001-ல் சர்வார், கரிபிஸ், கான்ஸ்டன், ரீடில் நால்வரும் எழுதிய பரிந்துரை முறைக் கட்டுரை ஒன்று உண்டு. ஒரு பொருளை விரும்பியவருக்கு அதைப் போன்ற வேறு எதைக் காட்டலாம் என்று கண்டுபிடிக்கும் முறை. அதற்கு மேற்கோள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. 2016-ல் காலத்தை வென்ற கட்டுரைக்கான சியோல் விருதும் கிடைத்தது. அது வேறு துறை, வேறு கூட்டாளிகள். மொத்தத் தொகையில் இரண்டு கடையின் வரவும் ஒன்றாகக் கலந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், முன்னோடிகளின் பங்கு. பலநிலை யோசனையை முதலில் அச்சில் கொண்டுவந்தவர்களைவிட, அதை நன்றாகச் செய்து காட்டியவர்களுக்கு மேற்கோள் அதிகம். பல கட்டுரைகளில் "மெட்டிஸ் கொண்டு பிரித்தோம்" என்று ஒரே வரியில் மேற்கோள் முடிந்துவிடுகிறது. கருவியைச் சொல்கிறார்கள், கருத்தின் மூலத்தைச் சொல்வதில்லை. ஹெண்ட்ரிக்சனுக்கும் லீலண்டுக்கும் இது வருத்தமான கணக்காக இருக்கலாம்.

"அப்போ மென்பொருள் கொடுத்ததால்தான் ஜெயித்தார், அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. ஹெண்ட்ரிக்சனும் லீலண்டும்கூட சாக்கோ என்ற மென்பொருளைக் கொடுத்தார்கள். பிரான்ஸில் பெல்லெக்ரினி உருவாக்கிய ஸ்காட்ச் இருக்கிறது. இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். மெட்டிஸ் வேகமாக இருந்தது, பிரிவினை நன்றாக இருந்தது, சுலபமாகக் கைக்குக் கிடைத்தது, ஆண்டுகள் கழித்தும் அதைத் திருத்தி வெளியிட ஆள் இருந்தது. நான்கும் சேர்ந்தபோது அது ஒரு பழக்கமானது. 2010-களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் சாண்டர்ஸும் ஷுல்ஸும் கொண்டுவந்த காஹிப், நேரம் கொடுத்தால் மெட்டிஸைவிடக் குறைந்த வெட்டைத் தரும். ஆனாலும் புதிதாக யார் முறை கண்டுபிடித்தாலும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது மெட்டிஸோடுதான். தோற்கடிக்க வேண்டியவன் என்று எல்லாரும் ஒருவனையே காட்டுகிறார்கள் என்றால், அதுவும் ஒரு மரியாதைதான்.

சரி, எண்களைத் தூக்கி எறிந்துவிடலாமா?

கூடாது. எண் இல்லாத காலத்தில் தீர்ப்பு சொன்னது தராசு இல்லை, சிபாரிசு. பெரிய ஆசிரியரின் மாணவன், பெரிய ஊரின் பல்கலைக்கழகம் என்று பார்த்து இடம் கொடுத்தார்கள். மேற்கோள் எண்ணிக்கை அந்த வழக்கத்துக்கு ஓரளவு கடிவாளம் போட்டது. மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை 1955-ல் யூஜின் கார்ஃபீல்ட் முன்வைத்தபோது, ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கெல்லாம் போனது என்று தேடிப் பிடிக்கத்தான் அதைச் சொன்னார். அந்த வேலைக்கு அது இன்றும் அருமையான கருவி. மெட்டிஸ் 2019-ல் நியூரல் நெட்வொர்க் பக்கம் போன கதையைக் கண்டுபிடிக்கவும் அதே மேற்கோள் சங்கிலிதான் உதவுகிறது. தப்பு சங்கிலியில் இல்லை. சங்கிலியை எடைக்குப் போட்டு விலை சொல்வதில் இருக்கிறது.

இதில் நிஜமான நஷ்டம் யாருக்கு? கரிபிஸுக்கு ஒன்றும் இல்லை. அவர் கணக்கு எப்படிப் பார்த்தாலும் கனமானது. நஷ்டம் இன்று அவர் 1995-ல் இருந்த இடத்தில் இருக்கும் ஓர் ஆய்வு மாணவருக்கு. கையில் நல்ல முறை ஒன்று இருக்கிறது. அதை மற்றவர்கள் பயன்படுத்தும்படி மென்பொருளாக்க இரண்டு வருடம் ஆகும். பிழை திருத்த வேண்டும், கையேடு எழுத வேண்டும், யாரோ முகம் தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே இரண்டு வருடத்தில் நான்கு கட்டுரை எழுதலாம். வேலைக்கு எடுக்கும் குழு கட்டுரையையும் எச்-இன்டெக்ஸையும் மட்டுமே எண்ணும் என்றால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? நான்கு கட்டுரைதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்படி எழுதப்படாமல் போகும் மெட்டிஸ்கள் எத்தனையோ, அவை எந்த அட்டவணையிலும் வராது.

இந்த ஆபத்தைச் சிலர் உணராமல் இல்லை. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, 2013-ல் வெளியான டோரா என்ற பிரகடனம், ஆய்வாளரை எடை போடத் தாக்கக் காரணியைப் பயன்படுத்தாதீர்கள் என்றது. கட்டுரைகளோடு தரவுத் தொகுப்புகளையும் மென்பொருளையும் ஆய்வின் விளைச்சலாகவே எண்ணுங்கள் என்றும் சொன்னது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் ஏராளம். கையெழுத்து சுலபம். நேர்காணல் அறையில் அந்த எச் எண்ணைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. வரவு செலவுக் கணக்கு ஒரு வருடத்தைச் சொல்லும். இருப்புநிலைக் குறிப்பு சொத்தைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவன் ஏமாந்துபோவான். மேற்கோள் என்பது வரவு. அந்த வரவைக் கொண்டுவந்த சொத்து எது, அதைக் கட்டியவர் யார், அதற்கு அடித்தளம் போட்டவர் யார், இன்றும் அதைப் பராமரிப்பவர் யார் என்று கேட்டால்தான் கணக்கு முழுமையாகும்.

அடுத்த முறை யாருடைய பெயருக்குப் பக்கத்திலாவது ஐந்து இலக்க மேற்கோள் எண்ணைப் பார்த்தால் வாயைப் பிளக்க வேண்டாம். இரண்டு இலக்க எண்ணைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்கவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இவர் செய்ததை எடுத்து, இவரைக் கேட்காமலேயே, வேறொருவர் தன் வேலையை முடிக்க முடிகிறதா? மெட்டிஸ் விஷயத்தில் அதற்குப் பதில் 'ஆம்'. அந்தப் பதில் எச்-இன்டெக்ஸில் கிடையாது.